வாரவாரம் வரும் வீட்டுக்காரர்

அத்தியாயம் 9

வாழைத்தோட்டத்தை விற்று மகன் கையில் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டேன். அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு பேங்கில் கடன் வாங்கி, பாளையங்கோட்டை தாண்டி பைபாஸுக்கு அந்தப் பக்கம் தாமரை நகர் என்ற இடத்தில் அவன் வீடு வாங்கியதையும் சொல்லிவிட்டேன். குடியிருக்க வாங்கிய வீடு இல்லை. வாடகைக்கு விட வாங்கிய வீடு. என் மகன் இசக்கிமுருகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். நான் சேரன்மகாதேவியில் இருக்கிறேன். வீடு மட்டும் அங்கே தனியாக நிற்கிறது.

ஊருக்குள் விலை கேட்டால் தரகன் நம்மை மேலும் கீழும் பார்க்கிறான். தாமரை நகரில் மலிவு. ஏன் மலிவு என்று மகன் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“நாளைக்கு ஏறும் அண்ணாச்சி.”

“இன்னைக்கு ஏன் ஏறலை வே?”

அதற்குப் பிறகு தரகன் என்னோடு பேசவில்லை. மகனோடுதான் பேசினான்.

வீட்டுக்கு ஆள் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். வந்தவர்களில் ஒருத்தனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தன் நான் சொன்ன வாடகைக்குப் பேரமே பேசாமல் சரி என்றான். தரப்போகிறவன் பேரம் பேசுவான். அவனை அனுப்பிவிட்டேன். இன்னொருத்தன் குடும்பத்தோடு வருவேன் என்றான். பெண்டாட்டி பேரைக் கேட்டேன். யோசித்தான். அவனையும் அனுப்பிவிட்டேன்.

கடைசியாக வந்தவள்தான் சுடலைவடிவு. ஐம்பதுக்குப் பக்கத்தில் வயது. ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் வேலை. அவள் அடுப்படியைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அப்புறம் வெளியே வந்து வாடகையைக் குறைக்கச் சொன்னாள்.

“வீட்ல யாரெல்லாம் இருப்பிய?”

“நான் இருப்பேன். அவரு கேரளால கட்டட வேலை. வந்து போவாரு.”

நான் நம்பவில்லை. ஆனாலும் வீட்டைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்விட்டு வருகிறேன். கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்ற ஒரு மோட்டார் இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். கண்டவர்கள் கையைப் போட்டால் கெட்டுப்போகும் என்று அவளிடம் சொன்னேன். ஒரு தொட்டித் தண்ணீர் ஒற்றை ஆளுக்கு ஒரு வாரம் வரும். மோட்டார் ஓடுகிற நேரத்துக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவாள். காப்பி தருவாள். உட்கார்ந்திருப்பேன். கேண்டீனில் எவன் கடன் சொன்னான், எந்த டாக்டருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் உம் கொட்டுவேன்.

என் சம்சாரம் போய் நாலு வருசம் ஆகிறது. சேரன்மகாதேவி வீட்டில் காலையில் ஒரு தடவை பொங்கி ராத்திரிக்கும் அதையே தின்பேன். திங்கள் முதல் சனி வரை என் குரலை நானே கேட்பது அபூர்வம். இரண்டு பஸ் மாறி ஒரு மோட்டார் சுவிட்சைப் போட எதற்கு ஒருத்தன் போகிறான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை.

இந்த வாரமும் போனேன்.

வீட்டை நெருங்கும்போதே எதிர்வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேர் சொரிமுத்து. ஏதோ ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், நகர் சங்கத்துக்குச் செயலாளர். இத்தனை வாரமாகத் தலையைக்கூட ஆட்டாத மனுசன், கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம். பதினொண்ணாம் நம்பர் வீட்டுக்காரர் நீங்கதான?”

“நான்தான். என்ன வே?”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாரிய. மத்தியானத்துக்கு முன்ன கெளம்பிருதிய. ஒருநாளும் தங்க மாட்டிக்கியளே?”

“எதுக்குத் தங்கணும்? எனக்குச் சேர்மாதேவியில வீடு இருக்குல்லா.”

“அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு.”

“ஆமா. இது முதலீட்டுக்குன்னு வச்சது.”

சொரிமுத்து தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் அவர் சம்சாரம் நிற்பது தெரிந்தது.

“முதலீடா?”

“மாசாமாசம் வருதுல்லா.”

“அந்தக்கா வேலைக்குப் போயிச் சம்பாதிச்சி உங்க கையில தருதாவளா?”

“ஒண்ணாம் தேதி தவறாது. தரலைன்னா நான் வச்சிருப்பனா? அன்னைக்கே எறக்கி விட்டுருவேன்.”

“அடேயப்பா” என்றார் சொரிமுத்து.

இந்த ஆள் எதற்கு இப்படி முழிக்கிறான், இவனும் வீடு வாடகைக்கு விடப்போகிறானோ என்று நினைத்தேன். அப்போது ஜன்னலுக்குள் இருந்து அந்தம்மா கேட்டாள்.

“இதெல்லாம் மூத்தவுகளுக்குத் தெரியுமா?”

“எந்த மூத்தவுக?”

“உங்க மொத சம்சாரம்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இவ்வளவு நேரமும் சொன்னது ஒவ்வொன்றும் திரும்பி வந்து காதில் விழுந்தது. வச்சது. மாசாமாசம் வருது. எறக்கி விட்டுருவேன்.

நேராக ரோட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

சுடலைவடிவு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

“என்னத்தச் சொல்லி வச்சிருக்க எதிர்வீட்ல? நான் யாருன்னு சொன்ன?”

அவள் தெருவைப் பார்த்தாள். “உள்ள வாங்க. பையப் பேசுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி என்ற வார்த்தையை அவள் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வாரமும் வாங்க, இருங்க, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். முறை வைத்து என்னை ஒன்றும் கூப்பிட்டதில்லை. பெண்டாட்டி புருசனைக் கூப்பிடுகிற மாதிரி.

“நான் பொய் சொல்லலை” என்றாள். “வந்த புதுசுல எதிர்வீட்டம்மா வந்து, வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டா. சேர்மாதேவியில இருக்காரு, ஞாயித்துக்கெழம வருவாருன்னேன். நான் உங்களைத்தான் சொன்னேன். வீட்டுக்காரருன்னா நீங்கதான?”

“அவ புருசனைக் கேட்டிருக்கா.”

“மறுநாள் தெரிஞ்சுது.”

“தெரிஞ்ச பொறவு ஏன் திருத்தலை?”

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். “அதுக்கு முன்ன ரெண்டு மூணு வாட்டி ஒருத்தன் குடிச்சிட்டு வந்து கதவத் தட்டுனான். தண்ணி வேணுமாம். இந்த நகர்லதான் இருக்கான், பேரு சொல்ல மாட்டேன். வாரவாரம் ஒரு ஆம்பள வாராருன்னு தெரிஞ்ச பொறவு அவன் வரலை. எனக்கும் தூக்கம் வந்துது. திருத்தலை.”

“கேரளாக்காரன்?”

“அவரு அங்கனயே ஒருத்தி கூடக் குடும்பம் நடத்துதாரு. வருசம் ஆச்சு. தனியா இருக்கேன்னு சொன்னா எவனும் வீடு தர மாட்டிக்கான். நீங்களும் தந்திருக்க மாட்டிய.”

தந்திருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

“இப்பவே போயி எதிர்வீட்ல சொல்லணும்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா சொன்ன அன்னைக்கே நான் காலி பண்ணணும். வேற எடம் பாக்கணும். மறுபடியும் மொதல்ல இருந்து.”

எனக்குக் கோபம் இருந்தது. ஒருத்தி என்னைக் கேட்காமல் என்னைத் தன் வாசலில் போர்டு மாதிரி மாட்டி வைத்திருக்கிறாள். கோபம் இருந்தும் கிளம்பிப் போக மனசு வரவில்லை.

“கோவமா எறங்கிப் போனியன்னா அதையும் பாப்பாவ” என்றாள். “ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க. கதவு தொறந்தே கிடக்கட்டும். இத்தன வாரமா வீட்டுக்காரரு காப்பியோட போறாரு, சோறு போட மாட்டாளான்னு அதுக்கும் ஒரு பேச்சு இருக்கு.”

அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தோட்டத்தை விற்று வந்த வீடு. சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். உப்புக் கூடுதல். சொன்னேன். கேண்டீன் கை, கூட்டத்துக்குப் போட்டே பழகிவிட்டது என்றாள். எதிரில் இருக்கிற ஆளிடம், நீ வைத்த குழம்பில் உப்புக் கூடுதல் என்று சொல்லி எவ்வளவு நாளாகிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

வெளியே கார் வந்து நின்றது.

பிரேமலதா, என் மருமகள், அம்பாசமுத்திரத்துக்காரி. அவள் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று இரண்டு பேரும் வெள்ளிக்கிழமையே அங்கே வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அம்பாசமுத்திரத்தில் இருந்து பாளையங்கோட்டைக்கு சேரன்மகாதேவி வழியாகத்தான் ரோடு. கார் என் வீட்டு வழியாகத்தான் வந்திருக்கிறது. நிற்கவில்லை. நேராக முதலீட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

கேட்டில் சொரிமுத்து குரல் கேட்டது.

“வாங்க தம்பி. சாடை அப்படியே இருக்கு. நீங்க மூத்த தாரத்துப் பையனா?”

இசக்கிமுருகன் உள்ளே வந்தபோது முகம் செத்திருந்தது. என்னைப் பார்த்தான். என் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தான். குழம்புச் சட்டியோடு நின்றவளைப் பார்த்தான்.

“எப்பா, என்ன இது?”

“சோறு.”

“தெருவுல என்ன பேசுதாவன்னு தெரியுமா?”

“தெரியும். இப்பதான் தெரியும்.”

“எத்தன நாளா நடக்கு இது?”

“ஏலே, வாயக் கழுவு. மோட்டார் போட வந்தேன்.”

சுடலைவடிவு சட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. குடிகாரன், கதவு தட்டியது, வீட்டுக்காரர் என்ற ஒரு வார்த்தை. பிரேமலதா கவனமாகக் கேட்டாள். அவன் கேட்கவில்லை.

“அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க.”

“அவ இருப்பா” என்றேன். “நான் பாத்து விட்ட ஆளு. நான் சொல்லாம ஒருத்தரும் எறங்க வேண்டாம்.”

“நீங்க யாருப்பா விடுததுக்கு?” அவன் வாசலுக்கு வந்துவிட்டான், கத்தினான். “பத்திரம் எம் பேர்ல இருக்கு. இவிய வீட்டுக்காரன் நான்! சந்தேகம்னா பத்திரத்தப் பாருங்க, நான்தான் வீட்டுக்காரன்!”

எதிர்வீட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சொரிமுத்து சம்சாரம் கையில் இருந்த சேலையைக் கீழே போட்டாள்.

“அடப்பாவமே. இவனுமா!”

பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புருசன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். “இன்னும் ஒரு வார்த்த பேசுனியன்னா நான் ஆட்டோ பிடிச்சி எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள். சுடலைவடிவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

நான் சிரிக்கவில்லை. நீங்க யாருப்பா விடுததுக்கு என்றது எனக்குள்ளேயே நின்றது. வாழைத்தோட்டத்தில் நான் நின்றபோது என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே எனக்குப் பத்திரம் இருந்தது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது பிரேமலதாதான். வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரையும் மாடியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்து, கடையில் சாமான் வாங்குகிற மாதிரிச் சொன்னாள்.

“அக்கா இருக்கட்டும். இவியள எறக்கிட்டு வேற ஆளு தேட எங்களுக்கு நேரம் இல்ல, மாசம் தவறுனா பேங்குக்காரன் விட மாட்டான். வாடகை இனிமே நேரா எங்க கணக்குக்கு வந்துரணும். மாமா இங்கன வர வேண்டாம். வரலைன்னா பேச்சு தானா அடங்கிரும். மாமா, அந்த மோட்டார் பெட்டிச் சாவியத் தாங்க.”

நியாயமாகத்தான் இருந்தது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வேட்டி மடிப்பில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைச் சுடலைவடிவு கையில் கொடுத்தாள். “நீங்களே போட்டுக்கிடுங்க, சின்னச் சுவிட்சுதான்.”

“சரி” என்றாள் சுடலைவடிவு.

“உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்லாப்பா” என்றான் மகன். குரல் இறங்கியிருந்தது. “வயசாச்சு. வீட்ல இருங்க. பஸ் ஸ்டாண்டுல விட்டுரட்டா?”

“உங்க பாதை வேற பக்கம். போங்க.”

“வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்னுதான் பாத்தோம். நேரம் ஆயிட்டு.”

“தெரியும்லே. போ.”

அவனுக்கு வீட்டில் இன்னும் பார்க்க வேண்டியது இருந்தது. நான் இறங்கி நடந்தேன். சொரிமுத்து வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தாமரை நகர் ரோடு பைபாஸில் சேருகிற விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே நிழல் கிடையாது. விற்காத மனைகளில் கல் நட்டு, கல்லுக்குச் சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் ஆடு மேய்ந்தது. இனி வருகிற ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். காலையில் எழும்பி என்ன செய்வது என்று ஒன்றும் தோன்றவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். சுடலைவடிவு வேகமாக வந்துகொண்டிருந்தாள். கையில் என் துண்டு.

“விட்டுட்டு வந்துட்டிய.”

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

“அடுத்த வாரம் ஆளக் காணோம்னா எதிர்வீட்ல கேப்பாவ. நான் என்ன சொல்ல?”

“வெளியூர் போயிருக்காருன்னு சொல்லு.”

“எத்தன வாரத்துக்கு?”

எனக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. “செத்துட்டான்னு சொல்லு. எவன் வந்து பாக்கப்போறான்.”

அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் இருந்த பொட்டைத் தொட்டாள்.

“அப்படிச் சொன்னா இத அழிக்கணும்.”

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“அந்த மனுசனுக்காவா வச்சிருக்கேன்? அவரு எனக்குச் செத்து வருசம் ஆச்சு. பஸ்ஸுல ஏறுனா, வேலைக்குப் போனா, தெருவுல நடந்தா ஒருத்தனும் கிட்ட வரக்கூடாதுன்னு வச்சிருக்கேன். அழிச்சிட்டு அந்த வீட்ல நான் தனியா எப்படி இருக்க? நீங்க சொல்லுங்க. அழிக்கவா?”

அப்போது தாமரை நகருக்குள் இருந்து கார் வந்தது. இசக்கிமுருகன் ஓட்டினான். பைபாஸில் ஏறுவதற்கு மெதுவாக்கி, வலது பக்கம் லாரி வருகிறதா என்று பார்த்தான். பிரேமலதா இருந்த பக்கம் எங்கள் பக்கம். கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தாள். என் கையில் துண்டைப் பார்த்தாள்.

மகன் எங்கள் பக்கம் தலையைத் திருப்பப் போனான். அவள் சட்டென்று அவன் தோளைத் தட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி என்னவோ சொன்னாள். அவன் அங்கே பார்த்தபடியே காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பக்கம் நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் பொட்டல். இந்த மருமகளை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இப்போது அவள் எனக்கு உதவி செய்தாளா, இல்லை, பிறகு கணக்குத் தீர்க்க எடுத்து வைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் இறங்காமலேயே விசில் ஊதினான்.

“ஏறும் பெரியவரே, ஏறும்!”

ஏறினேன். படியில் நின்று திரும்பினேன். அவள் கையை நெற்றியில் இருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“அழிக்காத” என்றேன்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.